குலுக்கையும் வேப்பிலையும்

தாமிரபரணிக் கரையிலுள்ள நவகைலாயத் தலங்களை ஒன்பது கிரகங்களுக்கும் உரியனவாகப் பகுத்து வைத்த பெரியோர், பாபநாசத்தைச் சூரியனுக்கும், அதற்கடுத்த சேரன்மகாதேவியைச் சந்திரனுக்கும் உரியதாக்கினர். நவதானியங்களில் சந்திரனுக்குரிய தானியமோ நெல். கன்னடியன் கால்வாயின் நீரால் காரும் பிசானமுமாக இரு போகம் விளைந்த ஓர் ஊருக்கு நெல்லின் அதிபதியே கிரகமாக வாய்த்தது தற்செயலா, ஏற்பாடா என்று விசாரிப்பதை ஜோதிடர்களுக்கு விட்டுவிடலாம். சேரன்மகாதேவி என்றவுடன் படித்தவர்களுக்கு நினைவு வருவது வ. வே. சு. ஐயரின் குருகுலமும், அங்கே யார் யாரோடு அமர்ந்து உண்பது என்பதைப் பற்றி 1920களில் தமிழ்நாடெங்கும் மூண்ட பெரும் விவாதமும்தான். பந்தியில் யார் உட்காருவது என்ற கேள்விக்கு முற்பட்ட கேள்வி ஒன்று உண்டு. பந்திக்கு வரவேண்டிய நெல்லை, அடுத்த அறுவடை வரையில், மனிதனுக்கு முன்னே பூச்சி உண்டுவிடாமல் காப்பது எங்ஙனம் என்பதே அது.

நெல்லைச் சேர்த்து வைக்கும் வழக்கம் இந்தப் பள்ளத்தாக்கில் எவ்வளவு தொன்மையானது என்பதற்கு ஆற்றின் கீழ்ப்பகுதியில், ஸ்ரீவைகுண்டத்தை அடுத்த சிவகளையில், பிரத்தியட்சமான சாட்சி கிடைத்திருக்கிறது. அங்கே முதுமக்கள் தாழி ஒன்றினுள் இருந்த நெல்லுமி, கரிமப் பரிசோதனையில் கி.மு. 1155ஆம் ஆண்டைச் சேர்ந்ததெனக் கணிக்கப்பட்டதாக 2021ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. மாண்டவருக்கென்று தாழியில் நெல்லிட்டு வைத்த ஜனங்கள், உயிரோடிருப்பவரின் உணவுக்கும் வரும் பருவத்தின் விதைப்புக்கும் நெல் வைத்திருந்திருப்பார்கள் என்று கொள்வதில் தவறில்லை; நெல் இருந்த இடத்தில் வண்டும் இருந்திருக்கும்.

சேமித்த தானியத்தின் பகைவர்கள் பலராயினும், நம் வீடுகளில் ‘அந்து’, ‘வண்டு’ என்னும் இரண்டு பெயர்களுக்குள் அவர்கள் எல்லோரும் அடங்கிவிடுவார்கள். அந்து என்பது வைக்கோல் நிறமுள்ள சிறு பூச்சி. நெல் சேர்த்து வைக்கும் குலுக்கையின் மூடியை எடுத்தவுடன் முகத்தில் மோதுவதுபோல் எழுந்து பறப்பது. 18ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் தேசத்தின் அங்குமுவா என்னும் மாகாணத்தில் இது கோதுமையைச் சர்வநாசம் செய்ததும், 1760ஆம் ஆண்டளவில் இரண்டு அறிஞர்கள் அதனை நேரில் ஆராயச் சென்றதும் காரணமாக, ஐரோப்பியர் இன்றளவும் அந்த மாகாணத்தின் பெயராலேயே இதனைக் குறிக்கிறார்கள். ஆகவே நம் வீட்டு அந்துக்குத் தூரதேசத்துச் சரித்திரமும் உண்டு. வண்டு என்ற பெயருக்குள் நீண்ட மூக்குடைய அரிசி வண்டும், உருளை வடிவான தானியத் துளைப்பானும், மாவிலும் ரவையிலும் பெருகும் செந்நிற வண்டும், பயற்றையன்றி வேறொன்றை நாடாத பயறு வண்டும் சேரும்.

இவற்றுள் அரிசி வண்டின் வாழ்க்கையைச் சிறிது கூர்ந்து பார்த்தால்தான், அதனை வெல்வதற்கு இலையும் வேரும் எண்ணெயும் எதனால் பயன்பட்டன, எதனால் சில சமயம் பயன்படாமற் போயின என்பது விளங்கும். தாய் வண்டு தன் மூக்கினால் மணியில் ஒரு சிறு குழி பறித்து, அதில் ஒரே ஒரு முட்டையை இட்டு, பசை போன்ற ஒரு திரவத்தால் குழியை அடைத்துவிட்டு அடுத்த மணிக்குச் செல்கிறது. இப்படியே தன் ஆயுளில் 300 முட்டைகள் வரையில் இட வல்லது. முட்டையிலிருந்து வெளிப்படும் புழு மணியின் உள்ளேயே இருந்து, உள்ளேயே தின்று, உள்ளேயே கூண்டுப்புழுவாகி, நம் நாட்டு வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாத காலத்தில் முழு வண்டாகத் துளையிட்டு வெளிவருகிறது. அந்தத் துளையைக் கண்டபிறகுதான் ‘உளுத்துப்போயிற்று’ என்று நாம் சொல்லுகிறோம். அந்தின் புழுவும் இவ்வாறே மணிக்குள் மறைந்து வாழ்வது. அன்றியும் அது களத்திலிருந்து வரும்போதே, ஏன், கதிரில் நிற்கும்போதே, முட்டையாகத் தொற்றிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்துவிடும். மணியின் வெளிப்புறத்தில் எந்த மருந்தைப் பூசினாலும் உள்ளிருக்கும் புழுவுக்கு அது எட்டாது. தாய் மணியை நெருங்காமல் தடுப்பது, இட்ட முட்டை பொரியாமற் செய்வது, வெளிவரும் வண்டு மறுபடி இனம் பெருக்காதபடி பார்த்துக்கொள்வது என்ற மூன்று வாய்ப்புகளே நமக்கு உள்ளன. தாவரங்களின் பதார்த்தங்கள் யாவும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் செய்கின்றன.

நம் முன்னோர் கையாண்ட முறையில் இலைக்குக் கிடைத்த ஸ்தானம் நான்காவதோ ஐந்தாவதோதான் என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. இயற்கை முறையின் பெருமையைப் பேசுகிற இக்காலத்தவர் வேப்பிலையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுகிறார்கள். அதனால் இலையின்மேல் பழி விழுகிறது.

முதல் ஸ்தானம் வெயிலுக்கு உரியது. மாசி, பங்குனியில் பிசான நெல் அறுவடையானதும் களத்திலும் தட்டட்டியிலும் பரப்பி, மூன்று வெயில் காட்டி, ஒரு மணியை எடுத்துப் பல்லில் கடித்து, அது நசுங்காமல் ‘டக்’கென்று முறிகிறதா என்று பார்த்த பிறகே உள்ளே கொட்டினார்கள். கருவி கொண்டு அளக்கிற இக்காலத்தில், நெல்லின் ஈரம் 14 சதவீதத்தைத் தாண்டலாகாது, விதையாயின் இன்னும் குறைய வேண்டும் என்று வகுத்திருக்கிறார்கள். ஈரம் 10 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டால் அரிசி வண்டு இனம் பெருக்குவதே அரிதாகிவிடும். ஆவணி, புரட்டாசியில் வீடு வந்து சேரும் கார் நெல்லுக்கு இந்தப் பாக்கியம் முழுமையாகக் கிட்டுவதில்லை. நன்றாக உலருமுன்பே ஐப்பசி மழை வந்து நிற்கும். ஆண்டு முழுவதற்கும் வைத்திருக்கத் தக்கது பிசான நெல்லே என்பதற்கு ருசியைத் தவிர இந்த ஒரு காரணமும் போதும்.

இரண்டாவது, உமி. முழுமையான உமியைத் துளைக்கும் திறமை அரிசி வண்டுக்கு இல்லை. உமியின் விளிம்பு பிளந்த மணிகளிலேதான் அது முட்டையிட முடியும். நெல்லை நெல்லாகவே வைத்திருந்து, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் குற்றிக்கொண்ட வழக்கத்தினால், இயற்கை கொடுத்த கவசம் கடைசி நாள் வரையில் கழற்றப்படாமல் இருந்தது. மூன்றாவது, கொள்கலம். களிமண்ணையும் வைக்கோலையும் மிதித்துக் குழைத்து, வளையம் வளையமாக எழுப்பி உலர்த்திய குலுக்கையும், பெரிய வீடுகளில் பலகையால் செய்த பத்தாயமும், விதைக்கென்று வைக்கோலுக்குள் நெல்லைப் பொதிந்து, புரியால் இறுக வரிந்து, மேலே சாணமும் மண்ணும் மெழுகி வைத்த கோட்டையும் திருநெல்வேலிச் சீமையில் அந்தக் காலத்து வீடுகளின் அங்கங்கள். குலுக்கையின் வாயை மூடி மண்ணால் பூசிவிட்டால், உள்ளே அகப்பட்ட வண்டுகளும் புழுக்களும் அங்குள்ள பிராணவாயுவைச் சுவாசித்துத் தீர்த்து, தாம் வெளியிட்ட கரியமில வாயுவிலேயே திணறும். 1987ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் ஆப்பிரிக்காவின் கேமரூன் தேசத்தில் தட்டைப்பயற்றைக் காக்கத் தொடங்கிய முயற்சியிலிருந்து விளைந்த, காற்றுப் புகாத மூவடுக்குப் பைகள் இன்று பல நாடுகளில் பரவியிருக்கின்றன. அவற்றின் தத்துவமும் இதுவேயாகும். பையில் ஓட்டை விழுவதும் குலுக்கையில் விரிசல் விடுவதும் ஒரே விதமான ஆபத்துகள். குலுக்கையை ஆண்டுதோறும் மெழுகியதற்கு அழகு மட்டும் காரணமன்று.

இத்தனைக்கும் பிறகுதான் இலை வருகிறது. ஆற்றங்கரையிலும் வேலியோரத்திலும் தழைத்து நிற்கும் நொச்சி, வாசலில் நிற்கும் வேம்பு, கால்வாய்க் கரைப் புங்கம் ஆகியவற்றின் இலைகளை நிழலில் உலர்த்தி நெல்லின் அடியிலும் இடையிலும் மேலுமாக இடுவது, நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய வசம்பை இடித்துத் தூவுவது, பயற்றுக்கு அடுப்புச் சாம்பலோ செம்மண்ணோ எண்ணெயோ பூசுவது என்பன இவ்வகையான உபாயங்கள். ஓடி ஒளிய முடியாத மரமும் செடியும் தம்மை அரிக்க வரும் கோடிக்கணக்கான பூச்சிகளிலிருந்து தப்பும்பொருட்டு, கசப்பும் காரமும் நெடியும் விஷமுமான எண்ணற்ற ரசாயனங்களைத் தம் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளுகின்றன. அவற்றில் சிலவற்றை நாம் இரவல் வாங்குகிறோம்.

இந்த ரசாயனங்களில் உலகப் பிரசித்தி பெற்றது வேம்பினுடையது. 1942ஆம் ஆண்டிலேயே சலீமுஸ்ஸமான் சித்திக்கி என்ற ரசாயன அறிஞர் வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின் முதலிய கசப்புப் பொருள்களைப் பிரித்தெடுத்தார். பூச்சிகளைப் பற்றிய கவனம் பின்னால் வந்தது. 1959இல் சூடான் தேசத்தில் வெட்டுக்கிளிகள் படையெடுத்துப் பச்சை என்று பெயர் சொல்ல ஒன்றையும் மிச்சம் வைக்காமற் போனபோது, வேப்பமரங்கள் மட்டும் தீண்டப்படாமல் நின்றதை ஜெர்மானியரான ஹைன்ரிஷ் ஷ்முட்டரர் கண்டார். 1962இல் டெல்லியில் வெட்டுக்கிளிகள் வந்தபோது, இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்து அறிஞர் பிரதானும் அவருடைய சகாக்களும் வேப்பங்கொட்டைப் பருப்பை அரைத்து நீரில் கலந்து பயிர்களின்மேல் தெளித்து, அந்தப் பயிர்களை அவை உண்ணாமல் விலகியதை நிரூபித்தார்கள். 1968இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் பட்டர்வொர்த், மார்கன் என்னும் இருவர் அந்தக் குணத்துக்குக் காரணமான பொருளைத் தனியே பிரித்து, அசாடிராக்டின் என்று பெயரிட்டனர். அதன் மூலக்கூறு அமைப்பைச் சரிவரக் கண்டறிய 1985 வரையில் ஆயிற்று. இங்கிலாந்தில் ஸ்டீவன் லே என்பவரும் அவருடைய மாணவர் பரம்பரையும் 22 ஆண்டுகள் முயன்று, 2007ஆம் ஆண்டில்தான் அதனை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக ஆக்கிக் காட்டினார்கள். வாசல் வேம்பு அதை ஒவ்வொரு கோடையிலும் ஆரவாரமின்றிச் செய்துவிடுகிறது.

அசாடிராக்டின் வேலை செய்கிற விதம் சாதாரண விஷத்தின் விதமன்று. அதனைச் சுவைத்த பூச்சி உண்ண மறுக்கிறது. உண்டாலோ, தோலுரிப்பை நடத்தும் ஹார்மோன் காலத்தில் சுரக்காமற் போகிறது. வளர்ந்துவிட்ட பிள்ளை போன வருஷத்துச் சட்டைக்குள் சிக்கிக்கொண்டதைப் போல, புழு தன் பழைய தோலுக்குள் சிறைப்பட்டு, பாதி உரித்தும் உரிக்காமலும் மாண்டுபோகும். தப்பிப் பிழைத்த தாய்ப்பூச்சியும் குறைவாகவே முட்டையிடும். இவையெல்லாம் நாட்கணக்கில் நடப்பவை. மருந்து தூவிய மறுநாள் சுளவில் செத்த வண்டுகளை அள்ள வேண்டுமென்று எதிர்பார்க்கிறவர்கள் வேம்பினிடம் ஏமாந்துதான் போவார்கள். மேலும் நெல்லுக்குள் ஒளிந்திருக்கும் புழு வெளியே தூவிய பொடியைத் தின்னப் போவதில்லை என்பதை முன்னமே கண்டோம். ஆகையால் தானியக் காப்பில் வேம்பின் தொழில், தாயை விரட்டுவதும் அதன் கருவளத்தைக் குறைப்பதுமே. அந்தப் பொருள் மிகுதியாக இருப்பதும் கொட்டைப் பருப்பிலேதான். இலையில் அதன் அளவு சொற்பம். குலுக்கையில் இலையை மட்டும் இட்டுவிட்டு, நெல்லை ஈரத்தோடு கொட்டியவனுக்கு வேப்பமரம் பொறுப்பேற்க முடியாது.

சூரிய வெளிச்சம் அசாடிராக்டினைச் சில நாட்களிலேயே சிதைத்துவிடும் என்பது வயலில் தெளிப்போருக்கு ஒரு குறை. இருட்டறையிலும் மூடிய கலத்திலும் அந்தக் குறை பெரிதும் நீங்கிவிடுவதால், வயலைக் காட்டிலும் சேமிப்பறையே இதற்கு ஏற்ற களம் என்று எனக்குத் தோன்றுகிறது. வேம்பின் பெயர் பிற்பாடு வழக்கு மன்றம் வரையில் போனதையும் ஒரு வார்த்தை சொல்லலாம்: வேப்பெண்ணெய் கொண்டு பயிர்ப் பூசணத்தைத் தடுக்கும் முறைக்கு அமெரிக்க விவசாய இலாகாவும் டபிள்யூ. ஆர். கிரேஸ் கம்பெனியும் 1994இல் ஐரோப்பாவில் பெற்ற காப்புரிமை, அந்த முறை இந்தியாவில் முன்பே வழங்கியதென்ற ஆட்சேபத்தின்பேரில் 2000ஆம் ஆண்டில் ரத்தாகி, மேல்முறையீட்டிலும் 2005இல் தோற்றது.

வேம்பைவிட வியப்பான கதை வசம்பினுடையது. குழந்தை வளர்ப்பில் அதற்கிருந்த மதிப்பினால் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்றும், இரவில் பெயர் சொல்லலாகாதென்று ‘பேர் சொல்லாதது’ என்றும் நம் பாட்டிமார் வழங்கிய அந்தக் கிழங்கை, 1977ஆம் ஆண்டில் ஜம்முவிலுள்ள ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த சக்சேனா முதலியோர் ஆராய்ந்து, அதன் தைலத்திலிருந்து பிரித்த ஒரு பொருள் பூச்சிகளை மலடாக்குகிறது என்று ‘நேச்சர்’ பத்திரிகையில் வெளியிட்டனர். பீட்டா அசரோன் என்னும் பொருளுக்கும் இந்தக் கிழங்கின் தைலத்துக்கும் தாய்ப்பூச்சியின் சினைப்பையை வளரவிடாமல் தடுக்கும் சக்தி உண்டு. பிள்ளை வளர்ப்பானால் வண்டுக்குப் பிள்ளையே இல்லாமற் போகிறது. ஆராய்ச்சிகளில் 100 கிலோ தானியத்துக்கு 1 கிலோ வசம்புப் பொடி என்ற விகிதமே பெரும்பாலும் பேசப்படுகிறது. ஆனால் அதே பீட்டா அசரோன் மிகுந்த வசம்புத் தைலம் எலிகளுக்குத் தொடர்ந்து உணவில் கொடுக்கப்பட்டபோது குடலில் கட்டிகளை உண்டாக்கியதால், 1968ஆம் ஆண்டிலேயே அமெரிக்கா வசம்பை உணவுப் பொருள்களில் சேர்க்கக் கூடாதென்று தடை செய்துவிட்டது. நம் நாட்டு வசம்பு வகையிலோ பீட்டா அசரோன் மிகுதியாக உள்ளது. இயற்கையில் விளைந்ததெல்லாம் நிரபாயமானது என்று நம்புவோர் இந்த ஒரு கிழங்கைச் சிந்தித்துப் பார்க்கலாம். என் அபிப்பிராயத்தில் வசம்பு விதைநெல்லுக்கும் விதைப் பயற்றுக்கும் மாத்திரமே உரியது, அடுப்பேறும் அரிசிக்கன்று. சீத்தா விதைப்பொடியும் அப்படியே: செல்லின் மூச்சையே அடைக்கும் பொருள்கள் அதில் இருப்பதால் வண்டு சாவது நிச்சயம், இடிக்கும்போது தூசி பட்டால் இடிக்கிறவரின் கண்ணுக்குக் கேடு விளைவதும் நிச்சயம்.

நெடியுள்ள இலைகளின் விஷயம் வேறு. நொச்சி, துளசி, யூகலிப்டஸ், கிராம்பு போன்றவற்றின் வாசனைத் தைலங்கள் ஆவியாகி மணிகளின் இடுக்குகளுக்குள் பரவ வல்லவை. துளசியிலும் கிராம்பிலும் உள்ள யூஜினால் போன்றவை, பூச்சிகளின் நரம்புச் செய்தியைக் கடத்தும் ஆக்டோபமைன் என்ற பொருளின் வேலையைக் குலைக்கின்றன என்று கண்டிருக்கிறார்கள். மனிதன் முதலிய முதுகெலும்புள்ள பிராணிகளின் நரம்புகளில் ஆக்டோபமைனுக்குப் பெரிய பங்கு இல்லாமையால், ஒரே பொருள் வண்டுக்கு மயக்கமாகவும் நமக்கு வாசனையாகவும் இருக்க முடிகிறது. மஞ்சளில் உள்ள டர்மெரோன் செந்நிற மாவு வண்டை விரட்டுகிறது என்று 1982இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் பிரித்தறிந்தனர். ஆவியாகும் பொருளுக்குள்ள குறை அது ஆவியாகிவிடும் என்பதே. மூடி சரியாக இல்லாத டப்பாவிலும் காற்றோட்டமான சாக்கிலும் அந்த நெடி சில வாரங்கள்கூடத் தங்காது. அரிசிப் பானையில் முழு மிளகாய் வற்றலைப் போடும் வழக்கத்தைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். மிளகாயின் காரப் பொருள் எளிதில் ஆவியாவதன்று. தோல் கிழியாத வற்றலுக்குள்ளிருந்து அது அரிசிக்கு வந்து சேருவது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. வண்டுக்கு மிளகாயைவிட மிளகே அஞ்சத் தக்கது: இடித்த மிளகு அரிசி வண்டையும் பயறு வண்டையும் கொல்லும் என்பது 1977ஆம் ஆண்டிலேயே பரிசோதனையில் வெளியாயிற்று.

மிளகைச் சொன்னதனால் எள்ளையும் சொல்லவேண்டும். டால்மேஷியா நாட்டு வெண்சாமந்தியிலிருந்து கிடைத்து, பின்னர் கென்யாவில் ஏராளமாகப் பயிரான பைரித்ரம் என்ற பூச்சிமருந்து, வண்டையும் ஈயையும் கணத்தில் கீழே தள்ளும். ஆனால் அவற்றுள் பல, உடம்பிலுள்ள நொதிகளால் விஷத்தைச் செரித்துவிட்டு மறுபடி எழுந்துபோகும். 1940இல் அமெரிக்காவில், பைரித்ரத்தோடு நல்லெண்ணெயைக் கலந்தால் அதன் வேகம் பன்மடங்காகிறது என்றும், மற்ற எண்ணெய்களுக்கு அந்த மகிமை இல்லை என்றும் கண்டனர். எள்ளில் உள்ள செசமின் என்னும் பொருள் பூச்சியின் அந்த நொதிகளை முடக்கிவிடுவதே காரணம். பின்னாளில் செயற்கையாகச் செய்து உலகெங்கும் கலக்கப்படும் துணைமருந்து செசமினின் ரசாயன அமைப்பைப் பின்பற்றியது. மிளகின் காரப் பொருளிலும் அந்த அமைப்பு உண்டு. பைரித்ரத்தின் மூலப்பொருள்களைப் பார்த்து மனிதன் செய்த டெல்டாமெத்ரின் முதலியவையே இன்று கிட்டங்கிகளில் மூட்டைகளின்மேல் தெளிக்கப்படுகின்றன. தாவரப் பொருளை வேண்டாமென்று தள்ளிய ரசாயன யுகமும் தாவரத்தின் நகலைத்தான் தெளித்துக்கொண்டிருக்கிறது.

பயற்றுக்கு வருவோம். தாமிரபரணிப் பாசனத்தில் நெல் அறுத்த தரிசில் உளுந்தும் பாசிப்பயறும் விதைப்பது வழக்கம். சேரன்மகாதேவிக்கு மேற்கே உள்ள கல்லிடைக்குறிச்சியின் அப்பளத்துக்குப் புகழ் தந்ததும் உளுந்துதான். பயறு வண்டு அரிசி வண்டைப்போல் முட்டையை மணிக்குள் மறைப்பதில்லை. தோலின்மேல் வெள்ளைப் புள்ளியாக ஒட்டிவைக்கிறது. கண்ணுக்கு அகப்படும் இந்த முட்டைதான் அதன் பலவீனம். கிலோவுக்கு 5 மில்லி அளவு எண்ணெயைப் பயற்றின்மேல் படும்படி நன்றாகப் பிசறிவிட்டால், அந்த மெல்லிய படலம் முட்டையின் சுவாச வழியை அடைத்து உள்ளிருக்கும் கருவைக் கொன்றுவிடுகிறது. கடலையெண்ணெயானாலும் விளக்கெண்ணெயானாலும் வேப்பெண்ணெயானாலும் இது நடக்கும். வேப்பெண்ணெயில் கசப்பு ஓர் உபரி லாபம், விதைக்கு மட்டும். துவரைக்குச் செம்மண் கட்டி வெயிலில் உலர்த்துவது வேறு வழியில் அதே பலனைத் தருகிறது. நுண்ணிய மண்தூள் வண்டின் மேல்தோலிலுள்ள மெழுகைச் சுரண்டியும் உறிஞ்சியும் எடுத்துவிட, அது தன் உடம்பு நீரை இழந்து வற்றிச் சாகும். சாம்பலின் வேலையும் இதுவே. உளுந்தை உடைத்துப் பருப்பாக்கி வைத்தாலோ, முட்டையிடும் இடமாக அது பயறு வண்டுக்கு அவ்வளவு உவப்பாக இருப்பதில்லை.

இவ்வளவு நல்ல பொருள்கள் இருக்க, அரசாங்கக் கிட்டங்கிகளில் வேம்பும் நொச்சியும் ஏன் புகவில்லை என்று கேட்பது நியாயமே. ஆயிரக்கணக்கான டன் மூட்டைகள் மலைபோல் அடுக்கப்பட்ட இடத்தில், ஏற்கெனவே மணிக்குள் இருக்கும் புழுவையும் சேர்த்துக் கொல்லும் ஒன்றுதான் உதவும். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரத்தோடு சேர்ந்து வெளியிடும் பாஸ்பீன் வாயு அதைச் செய்கிறது. உயிர்க்கொல்லியான அந்த மாத்திரையை அரசுத் துறையினரும் அனுமதியும் பயிற்சியும் பெற்றவர்களுமே கையாளவேண்டும் என்பது நம் நாட்டு விதி. வீட்டில் வைத்துக்கொள்ளத் தக்க பொருளன்று அது. பாஸ்பீனுக்கு வண்டுகள் பழகிக்கொள்ளும் என்பதும் 1972, 1973ஆம் ஆண்டுகளில் ஐ.நா. உணவு, வேளாண்மை நிறுவனம் உலகளவில் நடத்திய ஆய்விலேயே தெரிந்துவிட்டது. அதற்குத் துணையாக இருந்த மீதைல் புரோமைடு, வானத்து ஓசோன் படலத்தை அரிப்பதால், வளரும் நாடுகளிலும் 2015 முதல், ஏற்றுமதித் தடுப்புக் காப்பு முதலிய சில தேவைகளைத் தவிர, விலக்கப்பட்டது. ஆகவேதான் வாசனைத் தைலங்களின்மேல் ஆராய்ச்சியாளரின் கண் மறுபடி விழுந்திருக்கிறது. ஆயினும் ஒரே செடியின் தைலம் நிலத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறுவதும், தானியத்தில் நெடி தங்கிவிடுவதும், கிட்டங்கியின் அளவுக்கு வேண்டிய தைலத்தின் விலையும் சிறிய தடைகளல்ல. தாவரப் பொருள்கள் வீட்டின் அளவுக்கு உரியவை என்றே நான் நினைக்கிறேன். அவற்றைக் கிட்டங்கியின் அளவுகோலால் அளந்து பயனற்றவை என்று தீர்ப்பளிப்பதும், வீட்டில் கண்ட பலனைக் காட்டிக் கிட்டங்கிக்குச் சிபாரிசு செய்வதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள்.

வீட்டிலோ இன்று நெல்லே இல்லை. இயந்திரம் அறுத்துக் கொட்டிய நெல் வயலோரத்திலிருந்தே கொள்முதல் நிலையத்துக்கோ வியாபாரியின் லாரிக்கோ ஏறிவிடுகிறது; விதை பையில் வருகிறது; அரிசி கடையிலிருந்து வருகிறது. 1937இல் தோன்றிய அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த அம்பை 16 முதலிய ரகங்களைப் பயிரிடுகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டில் குலுக்கையும் இல்லை, பத்தாயமும் இல்லை. தானியத்தைக் காக்கும் கவலை மூன்று இடங்களில்தான் மிஞ்சியிருக்கிறது: பழைய நெல் ரகங்களின் விதையைக் கைவிடாமல் வைத்திருப்பவர்களிடம், உளுந்தும் பயறும் அடுத்த பருவத்துக்கு எடுத்து வைப்பவர்களிடம், பின்பு ஒவ்வொரு சமையலறையிலும். மூன்றுமே சிறிய அளவு. இலையும் பருப்பும் எண்ணெயும் தம் முழுச் சக்தியையும் காட்டக் கூடிய அளவு.

இவர்களுக்கு உதவ ஆராய்ச்சியும் அருகிலேயே நடக்கிறது. பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியில் பயிர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் ஒன்று தாவரப் பொருள்களையும் பூச்சிகளின் இயற்கை எதிரிகளையும் ஆராய்ந்து வருகிறது. சென்னை லயோலாக் கல்லூரியின் பூச்சியியல் ஆராய்ச்சி நிலையத்தார் வேம்பையும் புங்கத்தையும் சேர்த்துப் ‘பொன்நீம்’ என்றொரு மருந்தை உருவாக்கினார்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் செய்த பொறி மருந்தே வேண்டாதது: துளைகளிட்ட ஒரு குழாயைத் தானியத்துக்குள் செருகிவைத்தால், காற்றை நாடி ஓயாமல் அலையும் வண்டு துளை வழியே நுழைந்து அடியிலுள்ள கிண்ணத்தில் விழுந்துவிடும். மணிக்குள் ஒரு மாதம் கண்ணில் படாமல் வாழும் பகைவன் வந்துவிட்டானா என்று முன்கூட்டி அறிய இதனினும் எளிய வழி இல்லை. பத்து ரூபாய் மிளகாய் வற்றலுக்குச் செலவிடுகிறவர்கள் இதற்குச் செலவிடலாம்.

வேப்பம்பருப்பை நம்புகிறவர்களுக்கு ஒரு காரியம் பாக்கியிருக்கிறது. வேப்பம்பழம் ஆனி, ஆடியில் உதிர்கிறது. அது வேண்டியிருப்பதோ மாசி, பங்குனியில், பிசான நெல் வீடு வரும்போது. உதிர்ந்த பழத்தை மரத்தடியிலேயே மழையில் கிடக்கவிட்டால் கொட்டையில் பூசணம் பிடித்து, மருந்துப் பொருளும் குறைந்து, பூசண விஷமும் சேரும். பழுத்ததை உடனே பொறுக்கி, சதையைப் பிசைந்து கழுவி நீக்கி, கொட்டையை நிழலில் நன்றாக உலர்த்தி, பிளாஸ்டிக் பையில் அல்லாமல் காற்றாடும் சாக்கிலோ ஓலைப்பெட்டியிலோ வைத்திருக்கவேண்டும், உடைப்பது வேண்டும்போதுதான். 3 மாதம் நிரம்பாத கொட்டையிலும், 8 மாதத்தைத் தாண்டிய கொட்டையிலும் அசாடிராக்டின் போதிய அளவு இராது என்கிறார்கள் வேளாண்மைத் துறையினர். ஆனிக் கடைசியில் பொறுக்கிய கொட்டைக்கு எட்டாவது மாதம் மாசியில் முடிகிறது. ஆகையால் பிசான விதைக்கு ஆடிக் கொட்டையை ஒதுக்கிவைத்து, ஆனியில் பொறுக்கியதை 3 மாதம் நிரம்பியதும் புரட்டாசியில் வரும் கார் நெல்லுக்குச் செலவிட்டுவிடுவது கணக்குக்குச் சரியாக வரும்.